சுவருக்குள் போகும் வயர்



பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் வீட்டில் சின்னச் சின்ன மராமத்து வேலைகளைத் தொடங்கியிருப்பீர்கள். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து வாசகர்களை மனத்தில் வைத்து இந்த மாதம் ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டி.வி.யைச் சுவரில் மாட்டி, அதன் வயர்களை வெளியே தெரியாமல் சுவருக்குள் கொண்டுபோகும் வேலை.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது அதன் அலை நம் பக்கம் எட்டவில்லை. 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி வந்ததும் தென்மாவட்டங்களில் உயர உயரமாக ஆன்டெனாக்கள் முளைத்தன. அவற்றிலிருந்து இறங்கிய தட்டை வயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். டி.வி. இருக்கிற வீடு என்பதற்கே அதுதான் அடையாளம், அதை யாரும் மறைக்கவில்லை. பிறகு கேபிள் வந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் அரசின் 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வந்தது. கனத்த அந்தப் பெட்டி மேஜைமேல் உட்கார்ந்து, வயர்களைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. பெட்டி மெலிந்து சுவரில் ஏறிய பிறகுதான் வயர்கள் கண்ணை உறுத்த ஆரம்பித்தன.

மறைக்க விரும்புவதில் தப்பே இல்லை. கடன் வாங்கிக் கட்டிய வீடு அழகாக இருக்க வேண்டாமா? ஆனால் அவசரத்தில் பலரும் செய்வது, டி.வி.யோடு வந்த பவர் வயரையே சுவரைக் கொத்தி உள்ளே வைத்துப் பூசிவிடுவது. நீளம் போதாவிட்டால் நடுவில் இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, அதன் மேலேயே சிமென்ட் பூசுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. வளைந்து கொடுக்கும் அந்த வயர் வெளியில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. டி.வி. இழுப்பது என்னவோ கொஞ்ச மின்சாரம்தான், அதனால் வயர் சூடாகிவிடும் என்பதல்ல என் கவலை. மழைக்காலத்தில் சுவர் ஈரம் கோக்கும், டேப் இற்றுப்போகும், மெல்லிய உறையைத் துளைக்க ஓர் ஆணி போதும். உள்ளே ஓடுவது 230 வோல்ட்.

சரியான வழி எளிது. டி.வி. மறைக்கும் இடத்திலேயே ஒரு பிளக் பாயிண்ட் வையுங்கள். அதற்கான மின் கம்பி, எர்த் கம்பியோடு, தனி பைப்புக்குள் வரட்டும். கேபிள் வயருக்கும், செட்டாப் பாக்ஸிலிருந்து டி.வி.க்கு வரும் ஹெச்டிஎம்ஐ வயருக்கும் இன்னொரு பைப். இரண்டையும் ஒரே பைப்பில் திணிக்காதீர்கள். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 20, 25 மில்லிமீட்டர் பைப் இந்த இரண்டாவது வேலைக்கு உதவாது. ஹெச்டிஎம்ஐ தலையே ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம், வளைவில் சிக்கிக்கொள்ளும். ஒன்றரை அங்குல பிவிசி பைப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். நாளைக்கு வயர் பழுதானாலும், புது வகை வயர் வந்தாலும், கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

இனி சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் செங்குத்தாக வெட்டினால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை போகலாம். படுக்கைவாட்டில் என்றால் ஆறில் ஒரு பங்குதான், அதாவது ஒன்றரை அங்குலம். அதில் இந்தப் பைப்பும் மேல் பூச்சும் அடங்காது. எனவே செட்டாப் பாக்ஸ் வைக்கும் பலகையை டி.வி.க்கு நேர் கீழே அமைத்து, பைப்பை மேலிருந்து கீழாக நேரே இறக்குங்கள். குறுக்காகச் சாய்த்து வெட்டுவது இன்னும் ஆபத்து. பின்னாளில் சாமி படம் மாட்ட ஆணி அடிப்பவர், பிளக் பாயிண்டுக்கு நேர் மேலே கம்பி இருக்கும் என்று யோசித்து ஒதுங்குவார், சாய்வாகப் போகிற கம்பியை எப்படி ஊகிப்பார்? நாலரை அங்குலச் சுவர், பழைய மண் சுவர், கான்கிரீட் தூண், இந்த மூன்றிலும் வெட்டவே வேண்டாம். வாடகை வீட்டிலும் அப்படியே. அங்கெல்லாம் வயரை உள்ளே மறைக்கும் கேசிங் கேப்பிங் பட்டையைச் சுவர்மேல் ஒட்டி, சுவரின் வண்ணத்தையே அதற்கும் அடித்துவிட்டால் போதும், நன்றாகவே இருக்கும்.

கூலி கொஞ்சம் கூடினாலும், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற கம்பியாளரைக் கூப்பிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிப்பது அது. குழந்தைகள் தொடுகிற சுவர் அல்லவா?

கொத்தனார் கரணையை எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். பைப் தெரிகிறபடி, பக்கத்தில் அளவு டேப்பை விரித்துவைத்து, ஒரு படம் எடுங்கள். அதைப் பிரிண்ட் போட்டு வீட்டு வரி ரசீதோடு சேர்த்து வையுங்கள். அந்தச் சுவரில் அடுத்துத் துளை போடப்போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் அந்தப் படத்தை அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்