காவலும் குற்றப்படமும்

விழா மலரொன்றிலே பொலிஸ் ரோந்தைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். நோட்டன் பிரிட்ஜ் முதலிய தோட்டப்புறங்களிலே பிறந்து கல்வி நாடி வந்தோர் ஐயுறார்.

குற்றம் ஒரு நகரெங்கும் ஒருபடித்தாய்ப் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலே பொலிசாருக்கு வந்த ஓராண்டு அழைப்புக்களை ஆராய்ந்த ஷேர்மன் முதலியோர், நூற்றுக்கு மூன்று இடங்களிலிருந்தே அவற்றுட் பாதி எழுந்தன என 1989ம் ஆண்டில் வெளியிட்டனர். நியூயோர்க்கிலே 1994ம் ஆண்டு முதல் குற்றப்படத்தை முன்வைத்துப் பகுதி அதிகாரிகளை வினாவி, புள்ளிகள் செறிந்த இடங்களுக்குக் காவலரை மிகுதியாய் அனுப்பலாயினர். கண்போன போக்கிற் செல்லும் ரோந்தினும் இது மேலானதென்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆயினும், படத்தில் விழும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறைப்பாடு. முறையிடப்படாத குற்றத்திற்கு அங்கே இடமில்லை. டில்லிப் பொலிசாரின் படமுறையை 2020ம் ஆண்டில் ஆராய்ந்த விதுஷி மார்தா, சிவாங்கி நாராயண் என்போர், ஏழைகளின் குடியிருப்புக்கள் அதிலே மிகையாய்க் காட்டப்படுவதை எடுத்துரைத்தனர். இம்முறை நாளை எமது மலைகளுக்கு வருமாயின் நேரெதிரான பிழையே நேரும் என அஞ்சுகின்றோம்.

நள்ளிரவிலே லயமொன்றிற் கணவன் குடிவெறியில் மனைவியை அடிக்கின்றான் எனக் கொள்வோம். அவள் 119ஐ அழைத்தாலும் இருக்குமிடத்தை எவ்வாறு சொல்வாள்? வீதிப் பெயரில்லை, வீட்டிலக்கமில்லை. தோட்டக் காரியாலயத்தின் மேற்பார்வையிற் கடிதம் பெறும் வாழ்வு பலருக்கு இன்னும் மாறவில்லை. மறுமுனையில் இருப்பவர் தமிழறியாராயின் பேச்சு அவ்வளவிலே முடிந்தது. விடிந்ததும் தோட்டத் தலைவர் இருவரையும் அழைத்துச் சமாதானஞ் செய்துவைப்பார். (அவரையும் குறைகூறுவதற்கில்லை, அவரன்றி வேறு யார் அங்கே வந்தார்?) பொலிஸ் புத்தகத்திற் பதிவு விழாது, படத்திலே அந்த லயம் வெண்மையாகவே இருக்கும், ரோந்து வண்டி வேறிடம் செல்லும்.

நிலமும் படத்தை ஏமாற்றும். விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் இரு கரைகளும் தாளிலே விரற்கடைத் தூரம். மழை இரவில் வண்டி சுற்றிவரும் வழியோ வேறு.

ஆதலின், படம் வரைவதற்குமுன் லயந்தோறும் இலக்கமிடல் வேண்டும். குறுக்குப் பாதைகளைக் குறித்தல் வேண்டும். தமிழில் முறைப்பாடு எழுதவல்லார் ஒருவர் இரவிலும் நிலையத்தில் இருத்தல் வேண்டும். 1987ம் ஆண்டின் 13வது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருக்க, இதனைச் சலுகையாய்க் கேட்கவேண்டியதில்லை. முதலிரண்டு பணிகளையும் எமது பூமிசாத்திர மாணவர் ஒரு விடுமுறையிலே தொடங்கலாம். தோட்டக் காரியாலயங்களில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்களிடம் அனுமதிக்கும் வண்டிச் செலவுக்கும் செல்ல நாம் தயங்கோம்.