கத்தரிக்குக் காவல் வேண்டும்

பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் வீட்டு மனைக்குத் தப்பிய நிலங்களில் கத்தரி வைப்போருக்குத் தெரியும்: நுனித்தண்டு வாடினால் புழு உள்ளே புகுந்துவிட்டது. மருந்து அடித்தால் அது வெளியேதான் படிகிறது. புழுவோ காய்க்குள் இருக்கிறது. கேடு அடிப்பவர் மூச்சுக்குத்தான்.

இதற்கு மாற்றாக வந்ததே பி.டி. கத்தரி. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவையும், அதை இயக்கும் விசையாகக் காலிபிளவர் வைரஸின் ஒரு துண்டையும் ஒட்டிச் செடிக்குள் வைத்தார்கள். செடியே ஒரு புரதத்தை உண்டாக்கும். தின்ற புழுவின் குடலை அது துளைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, பாலூர் 1 முதலிய ரகங்களிலேயே இதைச் செய்தது. இவை வீரிய ஒட்டு அல்ல. விதையை விவசாயியே எடுத்து வைக்கலாம். ஆனால் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு இதை நிறுத்தி வைத்தது. வங்கதேசமோ 2013-ல் அனுமதித்துவிட்டது.

அஞ்சுவதில் நியாயம் உண்டு. 2002-ல் பி.டி. பருத்தி வந்தபோது, ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் விதைக்கச் சொன்னார்கள். அதில் வளரும் அந்துப்பூச்சிகள் கலந்தால்தான் புழுவின் எதிர்ப்புச் சக்தி பெருகாது. பலர் விதைக்கவில்லை. 2009-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்தைத் தின்றும் பிழைத்தது.

எனவே கத்தரியை ஒரேயடியாகப் பூட்டி வைப்பதும் தவறு. கண்ணை மூடி அவிழ்த்து விடுவதும் தவறு. பல்கலைக்கழகமே விவசாயிகள் கண்முன் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். ஓர வரிசையைக் கட்டாயமாக்க வேண்டும். விதை விவசாயியின் கையில் இருக்க வேண்டும்.

அதுவரை வாடிய நுனியைக் கிள்ளிப் புழுவோடு அழியுங்கள்; இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். மருந்துச் செலவு குறையும்.