பள்ளி மூடல்: சேர்க்கைக் கணக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

‘ஆளே இல்லாத பள்ளியை எதுக்கு நடத்தணும்?’ அரசு நடுநிலைப் பள்ளி ஒன்று மூடப்படும் செய்தி வந்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பூஜ்ஜியம் ஒரே நாளில் வருவதில்லை.

மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் கணக்குப்படி, ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் 2023-24இல் நாடு முழுவதும் 12,954. அடுத்த ஆண்டு 7,993. பாதிப்பு குறைந்துவிட்டது போலத் தெரியும். பள்ளியை மூடினாலும், பக்கத்துப் பள்ளியோடு இணைத்தாலும்கூட இந்தப் பட்டியல் சுருங்கும். தமிழ்நாட்டில் 2019இல் இப்படி 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றும் அறிவிப்பு வந்தது நினைவிருக்கலாம்.

எப்படிக் காலியாகிறது?

பிறப்பு குறைந்திருக்கிறது. தனியார் பள்ளி வேன் தெருவுக்கே வருகிறது. இதற்கு மேல் ஒன்று உண்டு: பணி நிரவல். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ‘உபரி’ ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார். ‘வாத்தியாரே இல்லையே’ என்று இன்னும் நாலு பெற்றோர் டிசி வாங்குவார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை இன்னும் குறையும்.

சரி, தேர்ச்சி?

எட்டாம் வகுப்புக்கு இங்கே பொதுத்தேர்வு கிடையாது. 2019இல் அறிவித்ததை 2020இல் அரசே கைவிட்டது. இருப்பது அடைவுத் தேர்வு மட்டும். வகுப்பில் 6 பேர் இருந்து, 2 பேருக்குக் கணக்கு வராவிட்டால் 33 சதவீதம் பின்தங்கல். 60 பேரில் அதே 2 பேர் 3 சதவீதம்தான். சின்னப் பள்ளியின் சதவீதத்தை வைத்து ‘தரமில்லை’ என்பது அவசரத் தீர்ப்பு.

செங்கல்பட்டில் மாவட்டச் சராசரியை நம்புவதும் அப்படித்தான். தாம்பரம், வண்டலூர் பக்கம் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பங்களின் கதை வேறு. அப்பா விடியும் முன்பே கடலுக்கு, அம்மா மீன் விற்க. பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? பள்ளி மேற்கே இருந்தால் ஈசிஆரைத் தாண்ட வேண்டும். பல வீடுகளில் அந்தப் பொறுப்பு அக்காவுடையது. அவளும் பள்ளிக்குப் போகும் வயதுதான்.

கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் பள்ளி இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு இலவசப் போக்குவரத்து பற்றியும் பேசுகின்றன. வேன் உண்டா, எந்த வழியில், யார் பணத்தில் என்பதை மூடும் முன்பே பெற்றோர் எழுத்தில் கேட்டு வாங்கலாம். மூடியபிறகு கேட்க அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவும் இருக்காது.