டிஜிகேம் வாங்கலாமா? மெகாபிக்சலை விடுங்க, இந்த 5 கேள்விகளைக் கேளுங்க!

"அப்பா, எனக்கு ஒரு டிஜிகேம் வேணும்."

"கையிலதான் போன் இருக்கே, அதுல கேமரா இல்லையா?"

இப்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு அலமாரிக்குள் போன குட்டி கேமராக்கள், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாக மறுபடியும் வெளியே வந்திருக்கின்றன. மகள் ஆசைப்படுவதிலும் தப்பில்லை, அப்பா கேட்கும் கேள்வியிலும் தப்பில்லை. ஆனால், தினசரி பயன்பாட்டுக்கு ஒரு குட்டி கேமராவை எதை வைத்து எடைபோடுவது என்பதை இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

கடைக்குப் போனதும் வாயில் வருவது "எத்தனை மெகாபிக்சல்?" என்ற கேள்விதான். அந்தப் பழக்கத்தால்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள்.

திரும்பி வந்த பழைய சரக்கு

ஜப்பானைச் சேர்ந்த கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான 'சிபா'வின் கணக்குப்படி, 2010ல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் அதிகமான காம்பேக்ட் கேமராக்கள் சந்தைக்கு வந்தன. 2023ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே போனது. காரணம் எல்லோருக்கும் தெரிந்த செல்போன்தான். ஆனால், 2024ல் எண்ணிக்கை லேசாக ஏறத் தொடங்கியது. ஏறுமுகத்தைப் பார்த்த நிறுவனங்கள் சும்மா இருக்குமா?

கேனான் ஒரு நல்ல உதாரணம். அந்த நிறுவனம் 2016ல் 'இக்ஸஸ் 285 எச்எஸ்' என்ற குட்டி கேமராவைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் பெயர் 'பவர்ஷாட் எல்ஃப் 360 எச்எஸ்', அறிமுக விலை சுமார் 210 டாலர். சமூக வலைதளங்களில் அந்த மாடலுக்கு மவுசு கூடியதும், 2025 செப்டம்பரில் அதையே லேசாக மாற்றி மறுபடி அறிவித்தது. சென்சாரும் லென்ஸும் அதேதான். எஸ்டி கார்டு போடும் இடத்தில் மைக்ரோ எஸ்டி வந்தது. வைஃபை மூலம் நேரடியாக பிரிண்டருக்கு அனுப்பும் வசதி போனது. விலை 379 டாலர், நம்மூர் மதிப்பில் 30,000 ரூபாய்க்கு மேல்.

ஒன்பது வருடப் பழைய கேமராவுக்கு, வசதியைக் குறைத்து விலையைக் கூட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இதை வாங்குவது முட்டாள்தனமா? அவசரப்பட வேண்டாம். ஐந்து கேள்விகளை வைத்துப் பார்ப்போம்.

1. சென்சார் எவ்வளவு பெரியது?

வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். அது பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் கிடைக்கும். இக்ஸஸில் இருப்பது '1/2.3 அங்குல' சென்சார். பரப்பளவு சுமார் 28 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இன்றைய விலை உயர்ந்த போன்களின் மெயின் கேமராவில் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய சென்சார் இருக்கிறது. '1 அங்குல' சென்சார் என்றால் சுமார் 116 சதுர மில்லிமீட்டர், அதாவது நான்கு மடங்கு.

சரி, மெகாபிக்சல்? ஆல்பத்தில் ஒட்டும் 4x6 அங்குலப் படத்தைத் தெளிவாக பிரிண்ட் போட 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும். ஏ4 அளவுக்குச் சுமார் 9 போதும். இக்ஸஸில் 20 இருக்கிறது. சின்ன சென்சாரில் 20 மெகாபிக்சலைத் திணிப்பது, ஷேர் ஆட்டோவில் இருபது பேரை ஏற்றுவது மாதிரிதான். எண்ணிக்கை கூடும், ஒருத்தருக்கும் காற்று வராது.

2. ஜூம் போட்டால் வெளிச்சம் என்ன ஆகிறது?

போனைவிட குட்டி கேமரா ஜெயிக்கும் இடம் ஆப்டிகல் ஜூம். இக்ஸஸில் 12 மடங்கு ஜூம் உண்டு. மெரினாவில் நின்று தூரத்துக் கட்டுமரத்தை எடுக்கலாம். பகலில் அருமையாக வரும்.

ஆனால், லென்ஸ் மேல் எழுதியிருக்கும் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: 3.6 - 7.0. ஜூம் இல்லாதபோது லென்ஸின் வாய் எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும். முழு ஜூமில் எஃப் 7 வரைதான். அதாவது, சென்சாருக்குப் போகும் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிவிடும். பிள்ளை பள்ளி ஆண்டு விழா மேடையில் ஆடுகிறது, அம்மா பத்தாவது வரிசையில் உட்கார்ந்து ஜூம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜூமுக்காகத்தான் கேமராவையே வாங்கினார். ஆனால், அந்த இடத்தில்தான் படம் கலங்கும், புள்ளி புள்ளியாக வரும். விளம்பரத்தில் '12எக்ஸ்' பெரிய எழுத்திலும், '7.0' பொடி எழுத்திலும் இருப்பது தற்செயல் இல்லை.

3. கூடவே வருமா?

தினசரி கேமராவுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. வீட்டில் இருக்கும் நல்ல கேமராவைவிட சட்டைப்பையில் இருக்கும் சுமாரான கேமரா மேல். இக்ஸஸின் எடை பேட்டரியோடு 147 கிராம், இன்றைய பல போன்களைவிடக் குறைவு. இந்த விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண். ஆனால், ஒரு சார்ஜுக்கு சுமார் 180 படங்கள்தான். ஒரு கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே தீர்ந்துவிடும். இன்னொரு பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

4. எடுத்த படம் எப்படி வெளியே வரும்?

வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாத படத்தை இன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை. வைஃபை இல்லாத பழைய கேமரா என்றால் கார்டு ரீடர் வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால், "அப்புறம் ஏத்திக்கலாம்" என்று விட்டு, கார்டிலேயே கிடக்கும் படங்கள்தான் எத்தனை!

5. பேட்டரியும் கார்டும் நாளைக்கும் கிடைக்குமா?

பழைய கேமரா வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் சிலவற்றுக்கு 'எக்ஸ்டி' கார்டு வேண்டும், பழைய சோனிக்கு 'மெமரி ஸ்டிக்'. கேமரா மலிவாகக் கிடைத்தாலும் கார்டுக்கு அலைய வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா, லென்ஸ் திக்காமல் உள்ளே போய் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், உள்ளே தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும்.

அப்போ அந்த '2000ஸ் லுக்'?

பழைய கேமராவில் இருக்கும் சிசிடி சென்சார்தான் அந்த அழகுக்குக் காரணம் என்று சொல்லி, விலையை ஏற்றி விற்கிறார்கள். உண்மையில் அந்தத் தோற்றத்தில் பெரும்பங்கு ஃபிளாஷுடையது. கேமராவில் இருப்பது செனான் ஃபிளாஷ். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பளிச்சென்று அடித்து அணைந்துவிடும். முகம் வெளுக்கும், பின்னணி இருளும், ஆடுகிறவர் அப்படியே உறைந்து நிற்பார். போனில் இருப்பது எல்இடி விளக்கு, அதற்கு அந்த வேகமும் பலமும் இல்லை. ஆக, செனான் ஃபிளாஷ் இருக்கும் எந்தக் குட்டி கேமராவிலும் அந்த லுக்கைப் பெருமளவு கொண்டுவரலாம். சிசிடி என்ற மூன்றெழுத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

யார் வாங்கலாம்?

நல்ல போன் கையில் இருப்பவர், படம் இன்னும் தெளிவாக வரும் என்று நம்பி 30,000 ரூபாய்க்குச் சின்ன சென்சார் கேமரா வாங்குவது வீண் செலவு. போன் பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலையும் வெயிலையும் சமன் செய்துவிடுகிறது. இக்ஸஸால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

படத்தின் தரம்தான் வேண்டும் என்றால், 1 அங்குல சென்சார் உள்ள பழைய கேமரா பக்கம் போவது புத்திசாலித்தனம். 2012ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூம் இல்லாத நிலையில் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். சென்சாரும் நான்கு மடங்கு பெரியது. இரண்டையும் பெருக்கினால் இக்ஸஸைவிட சுமார் 16 மடங்கு வெளிச்சம். குறை இல்லாமல் இல்லை. ஜூம் 3.6 மடங்குதான், வைஃபையும் கிடையாது. ஆனால், சாயங்கால வெளிச்சத்தில் வீட்டுக்குள் ஓடும் குழந்தையை எடுக்க எது உதவும் என்பது கணக்கிலேயே தெரிகிறது.

தரத்துக்காக இல்லாமல் வேறு காரணத்துக்கும் கேமரா கேட்கலாம். படம் எடுக்க போனை எடுத்தால் நோட்டிஃபிகேஷன் வரும், அப்படியே ரீல்ஸுக்குள் போய் அரை மணி நேரம் காணாமல் போகும். குட்டி கேமரா படம் மட்டும்தான் எடுக்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் போன் கொடுக்கத் தயங்கும் பெற்றோர், தயங்காமல் கொடுக்கக்கூடிய பொருள் அது. இந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால், அதற்குப் புதுசு தேவையில்லை.

எனவே, மகள் டிஜிகேம் கேட்டால் அப்பா முதலில் செய்ய வேண்டியது, வீட்டு அலமாரியைத் திறப்பது. 2010ல் 10 கோடி கேமரா விற்ற உலகத்தில், உறவுக்காரர் யார் வீட்டிலாவது ஒன்று துணிப்பையில் சுற்றிக் கிடக்கும். புது பேட்டரி ஒன்று போட்டு, ஒரு மாதம் மகள் கையில் கொடுத்துப் பாருங்கள். மாதக் கடைசியிலும் அது பையில் இருந்தால், அப்போது கடைக்குப் போகலாம். மறுபடி அலமாரிக்கே போயிருந்தால் 30,000 ரூபாய் மிச்சம்.