குண்டு புதைந்த நிலமும் கணக்கில் ஏறாத விஷமும்

யுத்தம் முடிந்தபின் பீரங்கிக் குண்டுகளைப் பொறுக்கியெடுத்துவிட்டால் நிலம் உழவுக்குத் தகுதியாய்விடும் என்று எண்ணுவது பொதுவழக்கு. அது பிழையென்பதற்குப் பிரெஞ்சு தேசத்து வெர்டூன் சீமையே சாட்சி. 1916-ஆம் ஆண்டுப் பெரும்போரின் குண்டுகள் இன்றும் அங்கு ஏர்முனையில் அகப்படுகின்றன. இதனை ‘இரும்பு அறுவடை’ என்று அழைப்பதுண்டு. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் இரும்பினும் தெரியாத விஷமே கொடிது.

எஞ்சிய விஷக்குண்டுகளுள் ஏறக்குறைய 2,00,000 குண்டுகள், 1928-ஆம் ஆண்டில், வெர்டூனுக்கு வடகிழக்கேயுள்ள ஸ்பென்கூர் வனத்தில் எரிக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றில் ஆர்சனிக் எனப்படும் பாஷாணம் கலந்த மருந்து இருந்தது. மருந்து எரியும், பாஷாணம் மூலப்பொருளாதலால் எரிந்தொழியாது, உருமாறி மண்ணிலே தங்கும். 2007-இல் வெளியான ஆராய்ச்சியில், அவ்விடத்து மேல்மண்ணில் நூற்றுக்கு 17 பங்குவரை பாஷாணம் காணப்பட்டது. ஒருவகைப் புல்லும் சில பாசியினங்களுமன்றி வேறு பூண்டுகள் அங்கு முளைப்பதரிது.

இதனினும் கவனிக்கத்தக்கது பக்கத்து வயல்களின் வரலாறு. அங்கும் 1920-களில் குண்டுகள் பிரித்தழிக்கப்பட்டன. காலப்போக்கில் அச்செய்தி மறக்கப்பட்டு, தானியம் விளைந்தது. கறவை மாடுகளும் மேய்ந்தன. உண்மை வெளிப்பட்டபின், 2015-இல், அந்நிலங்களின் விளைபொருளை விற்கலாகாதென அதிகாரிகள் தடுத்தனர். உழுதவர் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. ஊரார் பார்க்கும் நிலக்கணக்கில் ஒருவரி இருந்திருக்குமாயின் அவ்வளவு தொல்லையும் நேர்ந்திராது.

நன்செய்க்காரருக்கு இதில் தனிக் கவலையுண்டு. நீர் தேங்கிய வயலில் பாஷாணம் கரைந்து வேர்வழி ஏறுவது அதிகம். ஆதலின் கோதுமையைவிட நெல்லே அதனை மிகுதியாக ஏற்கும். நெடுங்காலம் உட்கொள்வோர்க்குத் தோல்நோயும் புற்றுநோயும் உண்டாகலாம். வெடிமருந்தின் வழி வேறு. ஆர்.டி.எக்ஸ். என்னும் மருந்து மண்ணில் அதிகம் பற்றாது, மழைநீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். அமெரிக்காவில் கேப் காட் படைப்பயிற்சி நிலத்தின் நிலத்தடிநீர் இங்ஙனம் கெடவே, 1997-இல் அங்கு வெடிப்பயிற்சியை நிறுத்த உத்தரவாயிற்று.

ஆகவே, குண்டு பொறுக்கியவர் தரும் சீட்டு மாத்திரம் போதாது. படைப்பயிற்சிக்கோ வெடிமருந்துக் கிடங்குக்கோ இருந்த நிலம் குடிகளிடம் திரும்புமாயின், சுட்ட இடம், எரித்த இடம், புதைத்த இடம் யாவும் சர்வே எண்ணோடு கிராமக் கணக்கில் ஏறவேண்டும். மண்ணும் கிணற்றுநீரும் சோதிக்கப்படுமுன் பட்டாதாரர் ஏர் பூட்டலாகாது. செலவு மிகுதியென்பார் உளர். அதனை நிலத்தைக் கெடுத்த படைத்துறை ஏற்பதே நியாயம். அதுவரை எரித்த இடத்துச் சாம்பலை எருவென்று அள்ளிச் செல்லவும் கிராம அதிகாரிகள் இடங்கொடுக்கலாகாது.