முள் நகராத நாள்கள்

“அக்கா, 82 கிலோவுலேர்ந்து 75-க்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் 2 மாசமா முள் அசையவே மாட்டேங்குது. இனிமே ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திடலாம்னு இருக்கேன். சரியா அக்கா?”

போன வாரம் நிலையத்தின் புலன எண்ணுக்கு வந்த குரல் பதிவு இது. அனுப்பியவர் நம் லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் தங்கை. 6 மாதங்களுக்கு முன்பு இனிப்பு நீரால் அவருடைய அம்மாவுக்குக் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்களாம். அந்த வாரம் ஆரம்பித்ததுதான் இந்த நடையும் கட்டுப்பாடும். கடை மூடியதும் பாடாங் கோத்தா வரை நடந்து, கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

இரண்டு பாட்டுக்கு நடுவே 30 விநாடியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இந்த வாரப் பக்கம் அவருக்கு. எடை இயந்திரத்தை முறைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் பதில்: ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் தங்கை.

82 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு பாடாங் கோத்தா வரை நடக்க ஆகும் எரிபொருள், 75 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர் கெவின் ஹால். அவர் கணக்குப்படி, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கலோரி குறைவாகச் செலவழிக்கிறது. பசியோ ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. நம் தங்கை 7 கிலோ குறைத்திருக்கிறார். அவருடைய அன்றாடச் செலவு 140 முதல் 210 கலோரி வரை இறங்கியிருக்கும். பசி அதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். முதல் மாதம் எடையைக் குறைத்த அதே சாப்பாடு, 6-ஆவது மாதத்தில் எடையை அப்படியே தாங்கிப் பிடிக்கும் சாப்பாடாகிவிடுகிறது. கையிருப்பு குறைந்தால் செலவைச் சுருக்குவது உடம்பின் பழைய பழக்கம். மாதக் கடைசியில் நம் அம்மாமார்கள் செய்வதுதான்.

இப்போது எல்லாரும் பேசும் எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கதைதான். ஒரு வருடம் தாண்டியதும் அங்கேயும் முள் நின்றுவிடுகிறது.

சரி, அப்படியானால் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தால்? ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் கலந்துகொண்டு மளமளவென்று எடை குறைத்த 14 பேரை, 6 ஆண்டுகள் கழித்து ஹாலின் குழு மறுபடி அளந்தது. 2016-இல் முடிவு வெளிவந்தது. 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அதைவிட வருத்தம், அவர்களுடைய உடம்பு அந்த எடைக்குச் செலவழிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது.

அதனால் புதிதாக எதையும் வெட்டுவதற்கு முன்னால், இப்போது வயிற்றுக்குள் என்ன போகிறது என்று பார்ப்போம். 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. “நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், எடை குறையவே மாட்டேன் என்கிறது” என்று சொன்ன 10 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு சராசரியாக 1,028 கலோரி. உடம்பின் செலவை நேரடியாக அளந்து பார்த்தபோது தெரிந்தது 2,081 கலோரி. ஒருவருக்கும் உடம்பில் கோளாறு இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கண் அளவு என்பது பசியின் பக்கம் சாய்ந்த தராசு, அவ்வளவுதான்.

நம் ஊரில் அது எப்படிச் சாய்கிறது என்று சொல்லவா? முதல் மாதம் கடையில் “தே ஓ கோசோங்” என்று கம்பீரமாகக் கேட்போம். மூன்றாம் மாதம் அது “தே, குராங் மானிஸ்” ஆகும். ஐந்தாம் மாதம் தே தாரிக் கலக்கும் அண்ணன் நம் முகத்தைப் பார்த்தே பழையபடி கலக்கிவிடுவார், நாமும் மறுக்க மாட்டோம். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டி சுமார் 65 கலோரி. ஒரு கிளாசுக்கு 2 கரண்டி என்றால் 130. மேலே சொன்ன 140 கலோரி பள்ளம் ஒரே கிளாசில் ஏறக்குறைய நிரம்பிவிட்டது! நாசி கண்டாரில் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, குழம்பை மட்டும் “பஞ்சிர்” என்று வெள்ளமாக ஊற்றச் சொல்வதும் இதே வகை. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. அந்தக் குழம்பின் மேலே மிதப்பது வேறென்ன? மாலையில் கடைக்கு வாங்கி வந்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுக்கும் சமோசாவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலாளி வாங்கித் தந்ததற்குக் கலோரி கிடையாது என்று நினைப்பு.

ஒரு வாரம், ஒரே வாரம், வாயில் போனதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். பல பேருக்கு முள் நின்ற காரணம் அந்தப் படங்களிலேயே கிடைத்துவிடும்.

கிடைக்காதவர்களும் இருப்பார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் நிற்கும். இந்தத் தங்கையைப் போன்றவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது சென்னையில் நடந்த ஒரு விஷயம்.

மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் அங்கே 531 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லாருமே இனிப்பு நீரின் வாசலில் நின்றவர்கள். சராசரி வயது சுமார் 46. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினரைத் தினமும் குறைந்தது அரை மணி நேரம் நடக்கவும், சர்க்கரையைத் தவிர்க்கவும், மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டவும் பழக்கினார்கள். 2006-இல் முடிவு வந்தது. அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. நான் இரண்டு முறை படித்த வரி இனிமேல்தான் வருகிறது: பழக்கத்தை மாற்றியவர்களின் எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை.

முள் அசையவில்லை. நோய் தள்ளிப் போயிருக்கிறது. நடக்கிற தசை, இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்ளும். அதற்கு எடை குறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தங்கை 2 மாதமாக “ஒன்றும் நடக்கவில்லை” என்று நினைத்துக்கொண்டு நடந்தாரே, அந்த நடையில்தான் இதெல்லாம் நடக்கிறது.

எடை குறைப்பது வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் எடையும் குறைந்தது, இனிப்பு நீர் வரும் ஆபத்தும் 58 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் வைத்த இலக்கைப் பாருங்கள்: உடல் எடையில் 7 விழுக்காடு. 82 கிலோவில் 7 கிலோ என்றால் எட்டரை விழுக்காடு. தங்கை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டுத்தான் அழுகிறார்.

நம் ஆள்களுக்கு எடை இயந்திரம் முழு உண்மையைச் சொல்வதும் இல்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தன்னையும் தன் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினையும் ஒன்றாக அளந்து 2004-இல் எழுதினார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! நம்முடைய கொழுப்பு வயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும் இரகம். அதனால் இடுப்பை அளக்க வேண்டும்: நம்மவர்களில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், இதற்கு மேல் போகக் கூடாது. துணிக்கடையில் வேலை செய்பவரிடம் அளவு நாடாவுக்கா பஞ்சம்? எடை நிற்கும் மாதங்களில் இடுப்பு மட்டும் இறங்குவது சாதாரணமாக நடக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. குறையும் எடையில் ஒரு பகுதி தசையும்தான். சாப்பாட்டை நிறுத்தினால் அது இன்னும் கரையும். ராத்திரிக்குச் சோறு கைப்பிடி அளவு போதும்; கூடவே முட்டை, கானாங்கெளுத்தி, கொண்டைக்கடலை, தயிர் என்று ஏதாவது புரதம் கட்டாயம் இருக்கட்டும். நடையோடு வாரத்துக்கு 2 நாள் தசைக்கும் வேலை கொடுங்கள்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, கடையில் புடவைக் கட்டுகளை நீங்களே தூக்குவது. தண்ணீர்மலையில் 500-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன, தைப்பூசத்தன்று மட்டும் ஏறுவதற்கென்று கட்டியவை அல்ல அவை. தூக்கத்தையும் கவனியுங்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து நிகழ்ச்சி செய்பவள் சொல்கிறேன், தூக்கம் குறைந்த நாளில் பசி இரட்டிப்பாகத் தெரியும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். தைராய்டு, சில மாத்திரைகள், மாதவிடாய்ச் சிக்கல் போன்றவையும் எடையைப் பிடித்து வைக்கும் என்பதால் அதையும் கேளுங்கள். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை அது.

இன்னொன்று. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் புதிதாக எதையும் குறைக்க ஆரம்பிக்காதீர்கள். ஐந்தடி நடைபாதை முழுக்க முறுக்கு டின்னும் லட்டுத் தட்டும் அடுக்கியிருக்கும் லெபோ பசாரில், காலை முதல் இரவு வரை நின்று புடவை விற்கிறவர் அந்த நாள்களில் 75-ஐ 75-ஆகவே வைத்திருந்தால் போதும். பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகு மறுபடி தொடங்கலாம்.