கம்பியில்லாப் பேச்சும் நமது வாலிபர்களும்

அரக்கோணத்திலிருந்தும் திருத்தணியிலிருந்தும் சில வாலிபத் தோழர்கள், அமெச்சூர் ரேடியோ என்கின்ற கம்பியில்லாப் பேச்சைக் கொஞ்சப் பணத்தில் எப்படித் துவக்குவது என்றும், அதற்கெல்லாம் நம்மைப் போன்றவர்களை விடுவார்களா என்றும் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வியே நம்மை இதை எழுதும்படி செய்தது. ஒரு வித்தையைப் பற்றிக் கேள்விப்பட்டவுடனே அதை எப்படிக் கற்பது என்று மாத்திரம் யோசிக்காமல், நம்மை விடுவார்களா என்றும் யோசிக்கும்படி நம் மக்களை யார் பழக்கிவைத்தார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கு ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிவைத்த நாட்டில் வேறு எப்படிக் கேட்பார்கள்?

ஆனால் தோழர்களே, ரேடியோ அலைக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது. அது அக்கிரகாரத்துக் கூரையில் ஒருவிதமாகவும் சேரிக் கூரையில் வேறுவிதமாகவும் இறங்குவதில்லை. ஈயத்தைக் காய்ச்சுகிற வேலை இதிலும் உண்டு. கம்பியைப் பற்றவைப்பதற்கு மாத்திரம்.

முதலில் இது புது மோஸ்தர் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கார் ரேடியோ என்பது இந்நாட்டில் ஏற்படுவதற்கு முன்னமேயே, 1924ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் முயற்சியில் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஏற்பட்டு, ஜூலை மாதக் கடைசியில் 40 வாட் சக்தியுள்ள ஒரு சிறு யந்திரத்தைக் கொண்டு ஒலிபரப்பத் துவங்கிற்று. பணமில்லாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது. யந்திரம் சென்னைக் கார்ப்பரேஷன் கைக்குப் போய், 1930இலிருந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பை நடத்திற்று. கும்பாபிஷேகத்துக்கு லட்சம் லட்சமாய்க் கொட்டின சீமான்கள் அந்தக் கிளப்பின் கதவைத் தட்டிப் பார்த்திருந்தால் அது மூன்று வருஷத்தில் மூடியிருக்காது. தந்தை பெரியார் 1940களில் ‘இனிவரும் உலகம்’ என்று பேசியபோது, கம்பியில்லாத் தந்திச் சாதனம் அவரவர் சட்டைப் பையிலேயே இருக்கும் காலத்தைச் சொன்னார். கேட்டுச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பையில் இன்று அது இருக்கிறது.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். செல்போன் என்பது நடுவில் ஒரு கோபுரம், கோபுரத்துக்கு மின்சாரம், அதற்குப் பின்னால் ஒரு கம்பெனி என்று பல தயவுகளின்பேரில் நடப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இந்தத் தயவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் போனதை நாம் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அந்தமானில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்கிற அம்மையார், தம் கூட்டத்தாருடன் அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருந்தார். அவர்கள் போனது உலகத்து அமெச்சூர்களோடு பேசிப் பார்ப்பதற்காக. தீவின் மற்றத் தொடர்புகள் அறுந்துபோகவே, இன்னார் உயிரோடிருக்கிறார், இன்ன இடத்தில் இன்னது வேண்டும் என்கிற சேதிகளை அந்த நிலையமே வெளியுலகத்துக்குச் சொல்லிற்று. பெண்ணுக்கு எதற்கு யந்திர வித்தை என்று கேட்கிற பெரியவர்கள் நம் ஊரிலும் இருப்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறோம். நாட்டில் எங்கே வெள்ளம், புயல் என்றாலும் ஓடுகிற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாளம் நமது அரக்கோணத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் வாலிபர்களுக்குச் செல்போன் நின்றால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றால் அது பெருமையா?

நிற்க, காரியத்துக்கு வருவோம். சீனாவில் செய்த கையடக்க யந்திரங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள்ளாகவே கிடைக்கின்றன. சக்தி சுமார் 5 வாட். இரவு விளக்குக்குக் கூடப் போதாத இந்தச் சக்தியில் எவ்வளவு தூரம் பேசலாம் என்று கேட்பவர்களுக்கு நமது பதில் என்னவென்றால், தூரம் பெரும்பாலும் வாட்டில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. இந்த அலை ஏறக்குறையக் கண்ணுக்கெட்டும் தூரமே போகும். தரையில் நின்று கையில் பிடித்துப் பேசினால் அடிவானம் 5 கிலோமீட்டர். 9 மீட்டர் உயர மாடியில் ஏரியல் கட்டினால் 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எதிராளியும் அப்படியே கட்டினால் இரண்டையும் கூட்டி 25. ஆகவே அரக்கோணத்து மாடியும் திருத்தணி மாடியும் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். 100 மீட்டர் உயரக் குன்றின்மேல் நின்றால் அடிவானமே 40 கிலோமீட்டருக்குப் போய்விடும். திருத்தணி மலையின் மகிமை என்ன என்று நம்மைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவோம். வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படி என்று எண்ணி ஏறுகிறவர்கள் ஒரு தடவையாவது அந்த உயரத்தையும் எண்ணிப் பார்க்கட்டும்.

யந்திரத்தோடு வருகிற ரப்பர் ஏரியல் குட்டையானது. அதைக் கொண்டு பேசிப் பார்த்துவிட்டு இந்த வித்தையே பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெச்சூர்களுக்கு நம் நாட்டில் விட்டிருக்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரிசையில், 145ஐ எடுத்துக்கொண்டால், 300ஐ 145ஆல் வகுக்க அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் கால் பாகம் சுமார் 52 சென்டிமீட்டர். கம்பியின் நுனிக்காகச் சற்றுக் கழித்து 49 என்று வெட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு செம்புக் கம்பியை நட்டுக்கு நிறுத்தி, அதன் அடியில் அதே மாதிரி நான்கு கம்பிகளை 52 சென்டிமீட்டர் அளவில் குடைக்கம்பி போலச் சரிவாக விரித்துப் பற்றவைத்தால் ஏரியல் ஆயிற்று. கம்பி, சாக்கெட்டு, மூங்கில் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய் ஆகும். இதே செம்பைத் தகடாக்கி, கோடு கிழித்து, யந்திரம் என்று பெயரிட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த யந்திரம் பேசினதை யாரும் கேட்டதில்லை. மாடியிலிருந்து கீழே வரும் கேபிளில் மாத்திரம் கஞ்சத்தனம் உதவாது. மெல்லிய சாதாரணக் கேபிள் 15 மீட்டர் ஓடினால் பாதிச் சக்தி அதற்குள்ளேயே போய்விடும். நடுவில் நின்று தின்பவர்களைப் பற்றி நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான சங்கதி. லைசென்சு இல்லாமல் இந்த யந்திரத்தை வாங்கிப் பேசுவது குற்றம். முதலில் பரீட்சை, பிறகு லைசென்சு, அதன் பிறகே யந்திரம். ஆன்லைன் கடைகளில் இவை கேட்பாரில்லாமல் விற்கப்பட்டதற்காக 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை கடைக்காரர்களுக்கு நோட்டீசு கொடுத்தது. கடை விற்றதே, நாம் வாங்கினால் என்ன என்கிற வாதம் செல்லாது. அதிலும் நம் ஊர் பக்கத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. மலிவான யந்திரங்களில் சில, அமெச்சூருக்குச் சொந்தமில்லாத வரிசைகளிலும் கத்தக் கூடியவை. ஒரு பையன் விளையாட்டாகப் பொத்தானை அமுக்குவதால் வேறொருவன் உயிருக்குக் கேடு வருமானால் அதற்குச் சுதந்திரம் என்று பெயரில்லை.

பரீட்சையை நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்பு இலாகாவின் வயர்லெஸ் பிரிவு. ரேடியோ தத்துவம், விதிகள் என்று இரண்டு பாகம். பட்டம் தேவையில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எழுதலாம். முதற்படியான வரம்புக்குட்பட்ட கிரேடுக்கு மார்ஸ் தந்திப் பாஷையில் பரீட்சை கிடையாது. உண்மையான கஷ்டம் வேறு. தமிழில் படிக்கப் புத்தகம் அருமையாயிருக்கிறது. விஞ்ஞானத்துக்குத் தமிழ் போதாது என்று சொல்லிக்கொண்டே பஞ்சாங்கத்தை மாத்திரம் வருஷந்தவறாமல் தமிழில் அச்சடிக்கிறவர்களை நம்பியிராமல், தெரிந்த தோழர்களே பாடங்களை எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும். லைசென்சு வரும்வரையில் சும்மாயிருக்க வேண்டாம். லைசென்சுள்ள ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்திலிருந்து கேட்கலாம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் ஓடும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800இல் வரும் பேச்சு, சாதாரணக் கையடக்க யந்திரத்திலேயே கேட்கும். இன்ன நிமிஷம், இன்ன திசையில் எழும், சுமார் 10 நிமிஷத்தில் மறையும் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்லுகிறார்கள், சொன்னபடியே நடக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் ராகுகாலம் குறுக்கிட்டதாக யாரும் புகார் செய்யக் காணோம். நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5இல் ஹாம்சாட் என்று அமெச்சூர்களுக்காகவே ஒரு செயற்கைக் கிரகத்தை ஏற்றினார்கள். 2014 வரை அது உழைத்தது. நவக்கிரகங்களில் ஒன்றாவது இப்படிக் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னதுண்டா?

இந்தக் கூட்டத்தில் நமக்குப் பிடித்த வழக்கங்கள் சில உண்டு. பேசுகிறவனுக்குச் சாதிப் பட்டம் கிடையாது. செங்கற்பட்டில் 1929இல் நமது மகாநாடு பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானித்தது; அதை இன்னமும் விடாத பெரிய மனிதரும் இதில் வி.யு. என்று துவங்கும் சில எழுத்தாகத்தான் கூப்பிடப்படுகிறார். அர்த்தத்தை மறைத்து ரகசியச் சங்கேதத்தில் பேசக்கூடாது என்பதும் விதி. அதாவது மந்திரத்துக்கு இடமில்லை. வியாபாரம், பாட்டு, பிரசாரம் ஒன்றும் கூடாது. நமது பிரசாரமும் கூடாதுதான். அதற்கு மேடை இருக்கிறது.

ஆனாலும் எல்லாம் சமதர்மம் என்று நாம் மயங்கவில்லை. 2ஆம் எண்காரர் 3ஆம் எண்காரரைத் தாழ்வாகப் பார்ப்பதும், மார்ஸ் தெரிந்தவர் தெரியாதவரை அரை அமெச்சூர் என்பதும், மலிவு யந்திரம் வைத்திருப்பவனோடு பேசினால் தீட்டு என்பதுபோல் ஒதுங்குவதும் இதிலும் உண்டு. வருணாசிரம புத்தி கம்பியில்லாமலே பரவக் கூடியது. அதற்குப் பயந்து ஒதுங்கினால் அவர்கள் நினைத்தது நடந்துவிடும்.

ஆடிக் கிருத்திகையில் திருத்தணிக்கு வரும் கூட்டத்தை நாம் எத்தனையோ கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆனால் அந்த நெருக்கடியில் கையைவிட்டுத் தவறின குழந்தை எந்தத் தத்துவமும் அறியாதது. செல்போன் திணறும் அந்த இரண்டொரு நாளில், அதிகாரிகளின் சம்மதத்தோடு மலையடியில் ஒருவர், குளத்தண்டை ஒருவர், ஸ்டேஷனில் ஒருவர் என்று லைசென்சுள்ள நான்கு பேர் கையடக்க யந்திரத்தோடு நின்றால் எத்தனை தாய்மார்களின் அழுகை சீக்கிரம் நிற்கும்! பரீட்சைக்கும் லைசென்சுக்கும் காத்திருக்க மாதங்கள் ஆகும். ஆகையால் அரக்கோணம், திருத்தணித் தோழர்கள் ஆறு பேராவது சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் படிப்பதற்கு ஒரு மாடியை இப்பொழுதே பார்த்துவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.